பேஸ்பால் அனலிட்டிக்ஸ் வேலைக்குப் போக வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு பாளையங்கோட்டை. இன்சூரன்ஸ் கம்பெனியில டேட்டா வேலை பாக்கேன். அதை விட்டுட்டு பேஸ்பால் அனலிட்டிக்ஸ்க்கு (ஆட்டத்தோட டேட்டாவை அலசி டீமுக்கு உதவுற வேலை) போகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

சங்கர் நகர் கிரவுண்டுல டிஎன்பிஎல் பாக்குற ஊர்ல உனக்கு எதுக்குல பேஸ்பாலுன்னு அப்பா கேக்காங்க. ஆனா அமெரிக்க பேஸ்பாலோட உச்ச லீக்கான மேஜர் லீக்ல மட்டுமே 30 டீம் இருக்கு. 2015லேர்ந்து ஸ்டாட்காஸ்ட்ங்கிற, பந்தைப் பின்தொடர்ந்து அளக்குற ஏற்பாடு மூலமா ஒவ்வொரு பந்தோட வேகம், சுழற்சி, மட்டையில பட்டுக் கிளம்புற கோணம் எல்லாம் பதிவாகுது. பேஸ்பால் சாவன்ட் தளத்துல அதை இலவசமாவே எடுக்கலாம்.

இப்போ கேட்சர் (பேட்டருக்குப் பின்னால உக்காந்து பந்தைப் பிடிக்கிறவர்) ஃப்ரேமிங்குக்கு ஒரு மாடல் போட்டுட்டு இருக்கேன். பேட்டர் பக்கத்துல தரையில இருக்கிற 17 இன்ச் அகல ஹோம் பிளேட்டோட ஓரத்தை ஒட்டி வர்ற பந்தை, கேட்சர் கையுறையை லேசா உள்ள இழுத்துப் பிடிச்சா அம்பயர் ஸ்ட்ரைக் (பேட்டருக்குப் பாதகமான தீர்ப்பு, மூணு ஆனா அவுட்) கொடுக்க வாய்ப்பு கூடும்; இதுதான் ஃப்ரேமிங். எந்த கேட்சருக்கு எவ்வளவு கூடுதுன்னு பிரிச்சுப் பாக்கணும். அவ்வளவு நுணுக்கமான வேலை, ராத்திரி உக்காந்தா நேரம் போறதே தெரியல. 2026லேர்ந்து ஸ்ட்ரைக்கா இல்லையாங்கிற அம்பயர் முடிவை எதிர்த்து மெஷின்கிட்ட அப்பீல் போகலாம்ங்கிறதால, இந்தத் திறமையோட மதிப்பு மாறுமான்னும் பாக்கணும்.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க சொல்லுங்க. இந்த வேலைக்கு டீம்கள் விசா ஸ்பான்சர் பண்ணுமா, இல்ல முதல்ல அங்க வந்து எம்எஸ் படிக்கணுமா? பைத்தான், எஸ்க்யூஎல் நல்லா வரும். தங்கச்சி கல்யாணம் வருது, அதனால சம்பளம் இல்லாம ரொம்ப நாள் ஓட்ட முடியாது. விவரம் தெரிஞ்ச யாராவது மாடலைப் பாத்துக் குறை சொன்னாக்கூட பெரிய உதவி.