பிள்ளைகளோடு மலை ஓடையில் ட்ரவுட் மீன்பிடிப்பு: ராட், நீரோட்டம், முடிச்சு பற்றிச் சில சந்தேகங்கள்

ஓடைக்கரை:
வணக்கம். 8, 11 வயதுப் பிள்ளைகளோடு நடந்துபோய் மேலே ஒரு இரவு கூடாரம் போட்டு, ஃப்ளை (பூச்சிபோல் கட்டிய செயற்கை இரை) மூலம் ட்ரவுட் பிடிக்கத் திட்டம். ஏரியில் 9 அடி, 5 எடை ராட் (தூண்டில் கம்பு; எடை எண் அது வீசும் லைனின் கனத்தைக் குறிக்கும்) கையாண்ட பழக்கம் உண்டு. இந்த ஓடை 3 முதல் 5 மீட்டர் அகலம்தான், இரு கரையிலும் புதர். பிள்ளைகளுக்கு எந்த ராட் சரி? ஓடும் நீரில் ஃப்ளை விழுந்த மறுநொடியே இழுபட்டுப் போகிறது, மீன் சீண்டுவதே இல்லை, ஏன்? தப்பித்தவறி மாட்டினாலும் முடிச்சில் விட்டுப்போகிறது.

செங்குத்துப்பாதை:
பிள்ளைகளுக்கு ரீல் (லைன் சுற்றும் உருளை) வேண்டாம். ரீல் இல்லாத ஜப்பானிய மடக்கு ராடான டென்காரா கொடுங்கள். 11 அல்லது 12 அடி நீளம், மடக்கினால் அரை மீட்டர்தான், பையில் அடங்கிவிடும். லைன் ராடின் நுனியிலேயே கட்டியிருப்பதால் லைனை இழுத்து விடுகிற வேலையே இல்லை. லைன் ராடைவிட ஓரிரு அடி குறைவாக இருக்கட்டும், அதன் முனையில் ஒரு மீட்டர் 5எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு; 5எக்ஸ் அதன் தடிமன் அளவு). அதைவிடத் தடித்த டிப்பெட் போட்டால், எங்காவது மாட்டும்போது நரம்பு அறுவதற்குப் பதில் ராடின் நுனி முறியும்.

இந்த ராட்கள் பெரும்பாலும் மீனால் உடைவதில்லை, திறந்து மூடும்போதுதான் உடைகின்றன. விரிக்கும்போது மெல்லிய நுனித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். மடக்கும்போது கைப்பிடிக்கு அடுத்த தடித்த துண்டிலிருந்து, நேராக, வளைக்காமல். ஃப்ளை மரத்தில் மாட்டினால் ராடை உலுக்கவே கூடாது. மடக்கிவிட்டு லைனைக் கையில் பிடித்து நேராக இழுக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் இதைப் பழக்கிவிட்டால் நல்லது.

உங்களுக்கு 7½ அடி, 3 எடை போதும். 9 அடி ராட் அந்தப் புதருக்குள் தொந்தரவு.

நுரைவரி:
இரண்டாவது கேள்விதான் முக்கியம். உங்களுக்கும் மீன் நிற்கும் மந்தமான நீருக்கும் நடுவே வேகமான ஓட்டம் இருக்கிறது. லைன் அதன்மேல் விழுந்ததும் வில்லாக வளைந்து ஃப்ளையை இழுக்கிறது. உண்மையான பூச்சி நீரின் வேகத்திலேயே மிதக்கும். சோதிக்க எளிய வழி: ஃப்ளையை ஒட்டி மிதக்கும் நுரைக்குமிழியைப் பாருங்கள். ஃப்ளை அதை முந்தினாலும் பின்தங்கினாலும் மீன் வராது.

தீர்வு, நீளமாக வீசாமல் நெருங்கிப் போவதுதான். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலாக, குனிந்து, 4 மீட்டர் வரைகூட நெருங்கலாம். வீசியதும் ராட் நுனியை உயர்த்தி, லீடரின் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பின்) கடைசிப் பகுதி மட்டும் நீரில் படும்படி பிடியுங்கள். இரண்டே வினாடி இழுபடாமல் மிதந்தால் போதும், இந்த ஓடைகளில் மீன் யோசிக்காமல் கொத்தும். ஒவ்வொரு குட்டையிலும் முதலில் வால்பகுதி (நீர் வெளியேறும் கீழ்முனை), பிறகு நடு, கடைசியில் மேல்முனை. நேராக மேல்முனைக்கே வீசினால், வாலில் நிற்கும் சிறுமீன் மிரண்டு மேலே ஓடி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

14ஆம் எண் கொக்கியில் கட்டிய எல்க் ஹேர் கேடிஸ், பாரஷூட் ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளைகள் இரண்டும் போதும். மிதக்கும் ஃப்ளையின் கொக்கியிலிருந்து 45 செ.மீ. நரம்பு விட்டு 16ஆம் எண் நிம்ஃப் (நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) தொங்கவிடலாம், ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டாம். இரண்டு கொக்கி என்றால் பாதி நேரம் சிக்கெடுப்பதிலேயே போகும்.

முடிச்சுக்கு, விட்டுப்போன நரம்பின் முனையைப் பாருங்கள். சுருண்டிருந்தால் அது அறுந்ததல்ல, வழுக்கி உருவிக்கொண்டது. இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சில் 5 சுற்று சுற்றி, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே நரம்பு பலமிழக்கும். 5எக்ஸ் என்பது 0.15 மி.மீ. தடிமன்தான், தாங்காது.

கூழாங்கல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கொக்கி பற்றி யாரும் சொல்லவில்லை. கொக்கி முனையின் உட்புறச் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், எல்லா ஃப்ளையிலும். விரலில் குத்தினாலும் உருவி எடுத்துவிடலாம், மீனையும் நீரிலிருந்து தூக்காமலே விடுவிக்கலாம். எல்லோருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி கட்டாயம். ஒருவர் வீசும்போது மற்றவர் இரண்டு ராட் நீளம் தள்ளி நிற்க வேண்டும்.

நடைக்கு நேரம் கணக்கிட, 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி என்ற நெய்ஸ்மித் விதி பெரியவர்களுக்கானது. 8 வயதுப் பிள்ளைக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். பிள்ளையின் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பருத்தி ஆடை நனைந்தால் உடம்பைக் குளிர்வித்துவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர், கூடவே நீர்புகாத பையில் ஒரு மாற்று உடை.

ஓடைக்கரை:
மிக்க நன்றி. எந்த நேரத்தில் பிடிப்பது? ஒரு இடத்தில் ஓடையைக் கடக்கவும் வேண்டும்.

கூழாங்கல்:
சிறிய வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி எடுத்துப் போங்கள். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை மீன் நன்றாகக் கொத்தும். 20 டிகிரியைத் தொட்டால் நிறுத்துங்கள்: வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, விடுவித்த மீனும் பிழைக்காமல் போகலாம். கோடையில் விடியற்காலை நல்லது. பனி உருகி வரும் ஓடை என்றால் காலையில் நீர் கடுங்குளிராக இருக்கும், மதியத்தை ஒட்டித்தான் மீன் அசையும்.

ஆனால் அதே பனிநீர்தான் மதியத்துக்குப் பிறகு ஓடையை உயர்த்தும். அதனால் கடப்பதைக் காலையிலேயே முடித்து, அன்றைய மீன்பிடிப்பைக் கூடாரம் இருக்கும் கரையிலேயே வையுங்கள். அகலமாகப் பரவி ஆழம் குறைந்த இடத்தில், ஓட்டத்தைப் பார்த்து நின்று, கைத்தடி ஊன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். பையின் இடுப்புப் பட்டையை முன்பே கழற்றிவிடுங்கள். நீர் சிறிய பிள்ளையின் முழங்காலுக்கு மேல் வந்தால் அந்த இடத்தில் கடக்காதீர்கள். நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ மேலே மழை என்று அர்த்தம். ராடை மடக்கி உடனே கரையேறுங்கள்.