கலைச்சொல் உதவி: எஸ்டோனியாவின் அலெவ், அலெவிக்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிலப்படத்தின் பெயர்ப்பட்டியலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஸ்டோனியாவில் வண்டி நின்றுவிட்டது. (எஸ்டோனியாவா, எசுத்தோனியாவா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) அங்கே ஊர்கள் நான்கு வகை: லின், அலெவ், அலெவிக், க்யூலா. முதலாவது நகரம், கடைசி கிராமம். நடுவில் உள்ள இரண்டுக்கும் பேரூராட்சி, சிற்றூராட்சி என்று போட்டிருக்கிறேன். ஊர்களுக்கு மேலே நிர்வாகப் பிரிவுகள் இரண்டு. பெரியது மாக்கோண்ட், மொத்தமே 15தான், அதை மாவட்டம் ஆக்கிவிட்டேன். அதற்குள் வரும் வல்ட் என்பதற்கு வட்டம், ஒலியும் ஒத்துவருகிறது. இப்படியே விடலாமா?

———

> பேரூராட்சி, சிற்றூராட்சி

தம்பி, இரண்டிலும் அந்த ‘ஆட்சி’தான் இடிக்கிறது. அலெவ், அலெவிக் எல்லாம் ஊரின் வகையைச் சொல்லும் பெயர்கள். யார் ஆள்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அய்க்வீடு என்ற அலெவை எடுத்துக்கொள்ளுங்கள் (நம் வீட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை). தாலின் – செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதை 1870இல் வந்தபோது நிலையத்தைச் சுற்றி வளர்ந்த இடம். 2017 வரை தனி நிர்வாகமாக இருந்தது. அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் அனியா வல்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் இன்றும் அது அலெவ்தான். உங்கள் சொல்லைப் போட்டால், ஆட்சி போன அன்றே பெயரையும் அழிக்க வேண்டியிருக்கும்.

‘ஆட்சி’ வர வேண்டிய இடம் வல்ட். பின்லாந்து மொழியில் இதற்கு உறவான சொல் வல்தா, பொருள் அதிகாரம். பல கிராமங்களும் அலெவிக்குகளும் சேர்ந்து, தேர்ந்தெடுத்த மன்றத்தோடு இயங்கும் அமைப்பு இது. நம் வட்டம் வருவாய்த்துறைக்காரர்களுடையது, அங்கே உட்காருபவர் தாசில்தார். ஒலி ஒத்துவருகிறது என்பதற்காக அவரை எஸ்டோனியாவுக்கு அனுப்ப வேண்டாம். ஊராட்சி ஒன்றியம் பொருந்தும், சுருக்கமாக ஒன்றியம். இலங்கை நண்பர்களுக்குப் பிரதேச சபை என்றால் உடனே விளங்கும். 2017இல் 213 உள்ளாட்சிகளை 79 ஆக்கினார்கள்: 64 வல்ட், 15 நகரம். ‘ஒன்றியங்களை இணைத்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.

இன்னொன்று. அங்கே நாட்டுப்புற முகவரிகளில் பெரும்பாலும் தெருப்பெயரே இருக்காது. பண்ணைவீட்டின் பெயர், அடுத்து ‘கேஸ்மு க்யூலா, ஹல்யலா வல்ட், லேனே-வீரு மாக்கோண்ட்’ என்று போகும். நம் ஊர்க் கடித உறையில் ‘அஞ்சல், வட்டம், மாவட்டம்’ வருவதுபோல. அதனால் சொல் சிறியதாக இருக்க வேண்டும். ‘ஊரகச் சிறுநகர்க் குடியிருப்பு’ என்றெல்லாம் யாராவது கிளம்பினால் நிலப்படத்தில் ஊரே மறைந்துவிடும்.

———

நானும் ஒரு சொல் வைக்கிறேன்: அலெவிக் = நடுவூர். நான் பார்த்தவரை அலெவிக் என்றால் சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்து மூன்று மாடிக் கட்டடங்கள் சில, பள்ளி, நூலகம், ஒரு கடை. சுற்றியுள்ள கிராமத்தார் எதற்கும் அங்கேதான் வர வேண்டும். அளவிலும் நடு, இடத்திலும் நடு.

———

நடுவூர் காதுக்கு இனிமை, அக்கா. ஆனால் பெய்ப்சி ஏரிக்கரையில் தடுக்கி விழுகிறது. வர்ன்யா, காசெபா, கொல்க்யா என்று கரையோரமாக ஒரே தெரு நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் வீடுகள், ஒட்டினாற்போல் மேடாக்கிய வெங்காயப் பாத்திகள். ரஷ்யாவில் திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காமல் வந்து குடியேறிய பழைய நம்பிக்கையாளர்களின் ஊர்கள் இவை. மீனும் வெங்காயமும்தான் பிழைப்பு. வர்ன்யாவும் கொல்க்யாவும் அலெவிக்குகள். இந்தத் தெருவில் எது நடு?

ஆள்தொகையையும் நம்ப முடியாது. தாலினை ஒட்டிய ஹாப்னேமெயில் 5,000 பேருக்கு மேல், ஆனால் அது அலெவிக். மொய்சாக்யூலாவில் 1,000 பேர்கூட இல்லை, அது 1938 முதல் நகரம்! அதிலும் வேடிக்கை, பெயரின் பொருள் ‘பண்ணையார் மாளிகைக் கிராமம்’. நம் கோவில்பட்டி நகராட்சியாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை என்பது வேறு விஷயம்.

என் பரிந்துரை பேட்டை. அலெவ் = பேட்டை, அலெவிக் = சிறுபேட்டை. அலெவோடு ‘இக்’ என்ற சிறுமை ஒட்டு சேர்ந்துதானே அலெவிக்? அந்த உறவு தமிழிலும் தெரிய வேண்டும். யார்வகாண்டி என்ற அலெவ் 1879இல் தொடங்கிய கண்ணாடி ஆலையைச் சுற்றி வளர்ந்தது. தொழிற்பேட்டை என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? நகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் என்றால் பேட்டை என்ற சொல் தமிழ்க்காதுக்குப் பழகியது. ஆட்சியும் ஒட்டிக்கொள்ளவில்லை.

க்யூலாவுக்குக் கிராமம் வேண்டாம், சிற்றூர் போடுங்கள். காரணம் உண்டு. அவர்கள் ஊரின் அமைப்பைப் பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஹயக்யூலா, சும்ப்க்யூலா, ரிடக்யூலா, டேனவ்க்யூலா. ஊர் என்று முடித்தால் சிதறூர், குவியூர், வரிசையூர், தெருவூர் என்று நான்கும் சிக்கலில்லாமல் விழுகின்றன. தெற்கே மேட்டு நிலத்தில் பண்ணைவீடுகள் ஒன்றையொன்று பார்க்காமல் கிடப்பது சிதறூர். தென்கிழக்கு மூலையில் உள்ள சேத்தோமாவில் வீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பது குவியூர். ‘சிதறு கிராமம்’ என்றால் ஏதோ வெடித்துச் சிதறியது போல இருக்கிறது.

———

பேட்டை என்றதும் எனக்கு ‘இது நம்ம பேட்ட’தான் நினைவுக்கு வருகிறது, போகட்டும். சிற்றூர், சிறுபேட்டை இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எது பெரிது என்று வாசகர் குழம்ப மாட்டாரா? நிலப்படக் குறிப்பில் நான்கையும் பெரியதிலிருந்து வரிசையாக அச்சிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நடுவூரைத் திரும்பப் பெறுகிறேன்.

———

நல்லது. நகரம், பேட்டை, சிறுபேட்டை, சிற்றூர். மேலே ஒன்றியம், மாவட்டம். குறிப்பும் சேர்க்கிறேன். மாற்றிவிட்டேன், அய்க்வீடு முதல். ஒரே ஒரு சந்தேகம்: மொய்சாக்யூலா நகரத்தின் பெயரில் உள்ள க்யூலாவை அப்படியே விடுகிறேன். சரிதானே?

———

விடுங்கள். கோவில்பட்டியை யாராவது கோவில்நகர் ஆக்கினால் நாம் சும்மா இருப்போமா!