மருத்துவர் மாத்திரையின் பெயர் கேட்டபோது

யாங்கோனில் எங்கள் தெருவிலுள்ள மருந்துக் கடையில் பல மாத்திரைகளைச் சீட்டில்லாமலே, அட்டையைக் கத்தரியால் நறுக்கி, ஒன்றிரண்டாகத் தந்துவிடுவார்கள். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள எனக்கு 53 வயதில் ஆணுறுப்பின் விறைப்புக் குறைந்தபோது, மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படித்தான் இரண்டு மாத்திரைகள் வாங்கினேன்.

ஒன்றைப் போட்டுக்கொண்ட மறுநாள் காலை, படியேறும்போது நெஞ்சு இறுகி வலித்தது. மருத்துவமனையில், நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கையில் எடுத்தபடியே, "ஆண்மைக்கான மாத்திரை ஏதும் சாப்பிட்டீர்களா?" என்று மருத்துவர் பர்மிய மொழியில் கேட்டார். கால்மாட்டில் மனைவி நின்றிருந்தாள். இல்லையென்று தலையசைத்தேன். அவர் விடாமல் இரண்டாம் முறையும் கேட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, அதன் பெயரென்ன என்றார். என் சட்டைப் பையிலிருந்த மிச்சத் துண்டை மனைவி எடுத்துக் கொடுத்தாள். கத்தரி ஓடிய இடத்தோடு பெயரும் காலாவதித் தேதியும் போயிருந்தன.

அந்தப் பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதை அவர் பின்னர் பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரைகளும் நைட்ரேட்டும் ரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை என்பதால், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடக்கூடும். ஆகவே இவ்வகை மாத்திரைகளில் சில்டெனாஃபில் சாப்பிட்டவருக்குக் குறைந்தது 24 மணி நேரமும், உடம்பில் நெடுநேரம் தங்கும் டடாலாஃபில் சாப்பிட்டவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். நான் சாப்பிட்டது எதுவென்று தெரியாததால், 48 மணி நேரமும் வேறு மருந்துகளைக் கொண்டே பார்த்துக்கொண்டார்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை, அதனால் அடைப்பு அங்கே முன்னதாகத் தெரிவதுண்டு என்று அவர் சொன்னபோது, நான் வெட்கப்பட்டு மறைத்தது இதயம் தந்த முன்னறிவிப்பாக இருந்திருக்கலாம் என்று எண்ணி மனம் கனத்துப்போனது.

இதயக் குழாயின் அடைப்பை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள் கழித்து, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு வலியின்றி ஏற முடிந்த பின்னர், நான் நைட்ரேட் எதுவும் சாப்பிடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அவரே 25 மில்லிகிராம் சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் முன்னதாகப் போடவேண்டும், 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் கூடாது. எண்ணெய் மிதக்கும் பர்மியக் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டால் மருந்து வேலை செய்யத் தாமதமாகும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வை திடீரென்று போனாலோ உடனே மருத்துவமனைக்கு வரச் சொன்னார். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புரோஸ்டேட் சுரப்பிக்கு மருந்து சாப்பிடும் நண்பர்கள் அதையும் மருத்துவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். அவற்றுள் சில இதனோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை.

இப்போது முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன். நான் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், மனைவியின் கையெழுத்தில், பர்மிய மொழியில் என் பர்ஸில் இருக்கிறது. முதல் வரியில் சில்டெனாஃபில்.