எம்க்யூ-25: டேங்கரில் ஆளில்லை என்றால் கூடை ஆடும்போது யார் கவனிப்பது?

வான்நோக்கி (கேள்வி):
2021 ஜூன் 4-ல் அமெரிக்கக் கடற்படைக்கான போயிங்கின் எம்க்யூ-25 ஸ்டிங்ரே என்ற ஆளில்லா டேங்கரின் (மற்ற விமானங்களுக்கு எரிபொருள் தரும் விமானம்) சோதனை மாதிரி, ஒரு எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் போர் விமானத்துக்கு நடுவானில் எரிபொருள் கொடுத்தது. டேங்கரில் ஆளே இல்லாதபோது குழாயை இணைப்பது யார்? குழாய் தாறுமாறாக ஆடினால் என்ன செய்வார்கள்?

இறக்கைநுனி:
இணைக்கிற வேலை டேங்கருடையது இல்லைங்க, எரிபொருள் வாங்க வருகிற விமானியுடையது. அமெரிக்கக் கடற்படையில் குழாய்-கூடை முறைதான்: குழாயின் நுனியில் புனல் மாதிரி ஒரு கூடை இருக்கும், வாங்குகிற விமானம் தன் புரோப்பை (முன்னே நீளும் குழலை) அதில் செருகும். டேங்கர் இறக்கையடியில் தொங்கும் 'பாட்' என்ற கூட்டிலிருந்து குழாயை நீட்டிவிட்டு, வேகமும் உயரமும் மாறாமல் பறந்தால் போதும். இதைத் தானியங்கி பைலட் அலுக்காமல் செய்யும். ஆளில்லா விமானம் எரிபொருளை வாங்குவதுதான் கடினம். 2015 ஏப்ரலில் எக்ஸ்-47பி என்ற ஆளில்லாச் சோதனை விமானம் அதையும் செய்து காட்டிவிட்டது.

பாட் ஒன்றும் புதிதல்ல. சூப்பர் ஹார்னெட்டுகள் ஒன்றுக்கொன்று எரிபொருள் கொடுக்கப் பயன்படுத்தும் அதே காப்ஹாம் நிறுவனத்தின் பாட். மூக்கில் ஒரு சிறிய காற்றாடி இருக்கும். எதிர்க்காற்றில் சுழன்று குழாய்ச் சுருளுக்கும் பம்புக்கும் சக்தி தரும். பின்புறம் விளக்குகள்: மஞ்சள் எரிந்தால் கூடையில் சேரலாம், பச்சை எரிந்தால் எரிபொருள் ஓடுகிறது.

விமானி கூடைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நிலைகொண்டு, டேங்கரைவிட 3 முதல் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கூடுதல் வேகத்தில் முன்னேறுவார். கூடையையே முறைத்துப் பார்த்தால் கை அதைத் துரத்தத் தொடங்கிவிடும். பார்வை டேங்கர் மேல் இருக்க வேண்டும். வருகிற விமானத்தின் மூக்கு தள்ளிவிடும் காற்று கடைசி நேரத்தில் கூடையை ஒதுக்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் வருவார்கள். சேர்ந்த பிறகு குழாயைச் சில அடி உள்ளே தள்ளினால்தான் வால்வு திறக்கும்.

வான்நோக்கி:
வேகம் 3 நாட்-க்குக் குறைந்தால்? 5-க்கு மேல் போனால்?

சுருள்குழாய்:
குறைந்தால் கொக்கி பிடிக்காது, புரோப் கூடையின் விளிம்பைத் தட்டிவிட்டு நழுவும். அதிகமானால்தான் ஆபத்து. விமானம் முன்னே வர வர, தொய்கிற குழாயைச் சுருள் உடனுக்குடன் இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் தொய்வு ஓர் அலையாகப் பாட் வரை ஓடி, திரும்பி வந்து புரோப்பை அடிக்கும். புரோப் நுனியை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருக்கிறார்கள்: உடைந்தால் நுனி மட்டும் போகும், விமானம் தப்பும்.

குழாய் உள்ளே சுருளாமல் நின்றுவிட்டால் பாட்-இல் உள்ள கத்தி அதை வெட்டிவிடும். தொங்கும் குழாயோடு விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கினால், இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தளத்துக் கம்பிகளில் சிக்கும். வெட்டும் கட்டளை கப்பலில் இருக்கும் இயக்குநரிடமிருந்து போகும். அவர் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதில்லை, பாதையையும் கட்டளைகளையும் திரையில் தருகிறார்.

என் பார்வையில் உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஆள் இருந்தால் வாங்குகிற விமானியோடு நேரடியாகப் பேசி, திரும்பிப் பார்த்து நிலவரம் சொல்வார். இங்கே கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே ரேடியோ இணைப்பு இருக்கிறது. அது அறுந்தாலும் டேங்கர் முன்பே ஏற்றிய பாதையில் பறந்தாக வேண்டும். வாங்குகிற விமானிக்கு டேங்கர் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இறக்கைநுனி:
ஜூன் 4-ல் கொடுத்தது 325 பவுண்டு, அதாவது 150 கிலோவுக்கும் குறைவு. இணைப்பும் பறக்கும் தன்மையும்தான் அன்றைக்குச் சோதனை. அதே ஆண்டு ஆகஸ்டில் இ-2டி ரேடார் கண்காணிப்பு விமானத்துக்கும், செப்டம்பரில் எஃப்-35சி போர் விமானத்துக்கும் கொடுத்தது. கடற்படை கேட்பது 500 கடல் மைலுக்கு அப்பால் சுமார் 15,000 பவுண்டு. நான்கு விமானங்களுக்குப் பங்கிட்டால் தலா 3,750.

இன்று அந்த வேலையைச் செய்ய ஒரு சூப்பர் ஹார்னெட் நான்கு எரிபொருள் டேங்குகளையும் ஒரு பாட்-ஐயும் சுமக்கிறது. ஆயுதத்துக்கு இடமே மிஞ்சுவதில்லை. விமானம் தாங்கிக் கப்பலில் அந்த விமானங்களின் பறப்புகளில் 20 முதல் 30 சதவீதம் இதற்கே போகிறது என்று பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. எம்க்யூ-25 அவற்றைப் போருக்குத் திருப்பிக் கொடுக்கும். எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததும் அதுதான்.

சுருள்குழாய்:
கப்பல் தளத்தில் நகர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரித்த இறக்கை 75 அடி, மடித்தால் 31 அடி. 2021 டிசம்பரில் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் கப்பலில் கையடக்கக் கருவியால் தளத்தில் உருட்டிப் பார்த்தார்கள். காக்பிட்டில் ஆள் இல்லாததால், வழிகாட்டியின் கைச்சைகையைப் பார்த்து அவர் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர்தான் கருவியை இயக்குவார்.