புதுப்பிப்பு: மாதிரி விசாரணையில் முரண்பாட்டைப் பதிவு செய்வது

காரைக்குடியில் சட்ட மாணவர்களுக்கு நடத்தும் மாதிரி விசாரணையில், போலீஸ் வாக்குமூலத்துக்கு மாறாகச் சாட்சி பேசினால் அதை எப்படிப் பதிவு செய்யப் பழக்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது, செஷன்ஸ் வழக்குகள் நடத்தும் ஐயா சொன்ன வழி.

வழக்கு: கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டில் தேக்குக் கதவு திருட்டு, பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 305. குறுக்கு விசாரணையில் முதலில் காவலாளியை இன்றைய சாட்சியத்தில் உறுதியாக நிறுத்த வேண்டும். பிறகு பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180(3)-இன் கீழ் போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் முரண்படும் வரியை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டும் (சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 148). ஒப்புக்கொண்டால் அதோடு முடிந்தது. மறுத்தால், புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அதே வரியை அவரிடம் கேட்டு நிரூபிக்க வேண்டும். மாணவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அதிகாரியிடம் கேட்காவிட்டால் முந்தைய உழைப்பு அத்தனையும் வீண். அதனால் சாட்சி மறுத்த வரிகளைத் தனித் தாளில் குறித்துவைக்கச் சொன்னோம்.

காவலாளி கூண்டில் சொன்ன ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்பது வாக்குமூலத்திலேயே இல்லை. இப்படி விடுபட்டதெல்லாம் முரண்பாடு ஆகாது. முக்கியமானதாக இருக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 181-இன் விளக்கம். ஆளை அடையாளம் காட்டும் வழக்கில் வெளிச்சம் முக்கியம்தான்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: பயிற்சிக்கு எடுத்த பழைய வழக்குக் கட்டு ஒன்றில், புதிய சட்டங்கள் அமலுக்கு வந்த 1.7.2024-க்கு முன்பே விசாரணை தொடங்கியிருந்தது. அதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161, 162, பழைய சாட்சியச் சட்டம் 145-தான். கட்டை எடுத்ததும் தேதியைப் பாருங்கள்.