சிடேக்ஸுக்குத் தமிழ்ச் சொற்கள்: குறிச்சொல்லா, பெயரடைவா?

வணக்கம்.

நிரலில் வரும் செயற்கூறு (ஃபங்ஷன்), மாறி (வேரியபிள்) போன்ற பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று பட்டியலிடும் கருவி சிடேக்ஸ். அதன் பொதியின் விளக்கத்தைத் தமிழாக்கும்போது 'டேக்' என்பதற்குக் 'குறிச்சொல்' என்றே போட்டுவிடலாம், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்தானே என்ற யோசனை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலைப்பதிவில் இடுகையின் அடியில் 'அரசியல்', 'சமையல்' என்று போடுகிறோமே, அது குறிச்சொல். ஒரு பொருளுக்கு நாமாக ஒட்டிவிடும் அடையாளம் அது. சிடேக்ஸ் எதிலும் எதையும் ஒட்டுவதில்லை. மூல நிரலைப் படிக்கும், அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாது. பக்கத்திலேயே 'டேக்ஸ்' என்று தனியாக ஒரு கோப்பை எழுதிவைத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம் என்பது என் கட்சி.

ஒரு சி நிரலுக்கு உருவாக்கிய கோப்பில் ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பெயர், 'மெயின்' என்று வைத்துக்கொள்வோம். ஒரு தத்தல் (டேப் இடைவெளி) விட்டு, அந்தப் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற விவரம். இன்னொரு தத்தல் விட்டு, அந்தச் செயற்கூறு தொடங்கும் வரி அப்படியே முழுசாக, இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் இருக்கும். முன்னால் ஒரு கூரைக்குறி (^), முடிவில் ஒரு டாலர் குறி. கடைசியில் 'எஃப்' என்று ஓரெழுத்து. செயற்கூறு என்றால் எஃப், மாறி என்றால் வி, மேக்ரோ என்றால் டி (d), ஸ்ட்ரக்ட் என்றால் எஸ்.

வரி எண்ணைப் போட்டால் போதாதா, வரியையே ஏன் எழுதவேண்டும்? மேலே நாலு வரி புதிதாகச் சேர்த்தால் எண் பொய்யாகிவிடும், வரியின் வாசகம் பொய்யாகாது. வி.ஐ. தொகுப்பான் (எடிட்டர்) அந்த வாசகத்தைத் தேடல் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் 'செய்யுள் முதற்குறிப்பு அகராதி' என்று ஒன்று இருக்குமே, கிட்டத்தட்ட அதே உத்தி. பாட்டின் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், பாட்டு எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அதைவைத்துத் தேடுகிறவனுக்குக் கவலை இல்லை. ஆக, நம் கையில் இருப்பது பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே என்று சொல்லும் ஒரு பின்னிணைப்பு.

இதுவரை வந்த மற்ற சொற்களையும் பார்த்துவிடுவோம். 'அட்டவணை' ஏற்கெனவே டேபிளுக்குப் போய்விட்டது. 'சுட்டி' வேண்டவே வேண்டாம். மவுஸும் சுட்டி, வலை இணைப்பும் சுட்டி, சி மொழியில் பாயின்டரும் சுட்டி. சி நிரலைப் பற்றிய கருவியின் கையேட்டில் இந்தச் சொல்லை நான்காவதாக ஒரு பொருளில் போட்டால் படிக்கிறவர் நம்மை மன்னிக்கமாட்டார். 'அகராதி' என்றால் பொருள் சொல்லியிருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, பைத்தானின் டிக்ஷனரியையும் அப்படித்தான் சொல்கிறோம்.

'அடைவு' எனக்குப் பிடித்தது. அதைச் சிலர் டைரக்டரிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் 'சொல்லடைவு', 'பொருளடைவு' என்று தொகைச் சொல்லாக வரும்போது யாரும் கோப்புறையை நினைப்பதில்லை. டைரக்டரிக்குக் 'கோப்பகம்' என்ற சொல்லும் இருக்கிறது. எனவே ஏதோ ஓர் அடைவு என்பது சரி. என்ன அடைவு என்பதில்தான் சிக்கல்.

'வரையறையடைவு' என்பது முதலில் தோன்றும். அதற்கு நியாயமும் இருக்கிறது: சி நிரலில் ஒரு செயற்கூற்றின் முன்னறிவிப்பை, அதாவது புரோட்டோடைப்பை, சிடேக்ஸ் தானாகச் சேர்க்காது, நாம் கேட்டால்தான் சேர்க்கும். செயற்கூற்றுக்குள் மட்டும் வழங்கும் உள்ளக மாறிகளும் அப்படியே. வரையறை எங்கே என்பதுதான் அதற்கு முக்கியம். ஆனால் இன்று பலரும் நிறுவிக்கொள்ளும் யுனிவர்சல் சிடேக்ஸ் இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு பெயரை வரையறுத்த இடம் மட்டுமல்லாமல், சேர்க்கும் தலைப்புக் கோப்பு (ஹெடர் ஃபைல்) போன்ற சில பயன்பாடுகளையும் கேட்டால் பதிந்து தரும். மார்க்டவுன் கோப்பின் தலைப்புகளையும் மேக்ஃபைலின் இலக்குகளையும் பட்டியலிடும். கட்டுரைத் தலைப்பை வரையறை என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது பெயரும் இடமும்தான். அதனால் என் பரிந்துரை: டேக்ஸ் கோப்புக்குப் 'பெயரடைவு', அதில் இருக்கும் ஒவ்வொரு டேக்குக்கும் 'இடக்குறிப்பு'.

சொல் சரியா என்று பார்க்கக் கையேட்டைவிடப் பிழைச்செய்திகள் நல்லவை. விம் தொகுப்பானில் கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் வரும் செய்தியை 'இடக்குறிப்பு இல்லை' என்று எழுதலாம். கோப்பே இல்லாவிட்டால் 'பெயரடைவு இல்லை'. இரண்டும் எதைக் காணோம் என்று தெளிவாகச் சொல்கின்றன. 'குறிச்சொல் இல்லை' என்று வந்திருந்தால் எதையோ தட்டச்சிட மறந்துவிட்டோம் என்று நினைக்கத் தோன்றும். கட்டுப்பாட்டு விசையோடு வலது சதுர அடைப்பை அழுத்தினால் வரையறைக்குத் தாவுகிறோம், டி-யை (t) அழுத்தினால் வந்த வழியே திரும்புகிறோம். அந்த வழியை நினைவில் வைத்திருப்பது 'இடக்குறிப்பு அடுக்கு'. இதிலும் இடறல் இல்லை.

கட்டளையின் பெயரைத் தமிழாக்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்க முடியாது. முனையத்தில் தட்டச்சிடுவது அந்த ஆங்கில எழுத்துகளைத்தானே. 'சி குறிப்பான்' என்று மொழிபெயர்ப்பது பொய்யும்கூட. கென் ஆர்னால்ட் எழுதிய முதல் சிடேக்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வடிவமான பி.எஸ்.டி.யின் மூன்றாம் வெளியீட்டில் வந்தது. பி.எஸ்.டி. கையேடு ஃபோர்ட்ரான், பாஸ்கல் மொழிகளுக்கான சேர்க்கைகளைச் செய்தவர்களையும் குறிப்பிடுகிறது. பிறகு டேரன் ஹீபர்ட்டின் எக்சூபரன்ட் சிடேக்ஸ் பல மொழிகளுக்கு விரிந்தது, 2009-இல் வந்த 5.8 பதிப்போடு நின்றது. அதிலிருந்து கிளைத்ததுதான் யுனிவர்சல். பெயரில் இருக்கும் சி இப்போது வெறும் பழைய விலாசம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கருவி நமக்கு வேண்டியது. தமிழிலேயே நிரல் எழுத உருவான எழில் மொழியில் செயற்கூறு 'நிரல்பாகம்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. சிடேக்ஸுக்குப் புதிய மொழியைச் சுருங்குறித்தொடரால் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) கற்றுக்கொடுக்க வழி உண்டு. 'நிரல்பாகம்' என்று தொடங்கும் வரியில் அடுத்து வரும் பெயரை எடு என்று சொன்னால் போதும். ஒரு எச்சரிக்கை: பெயரைப் பிடிக்க ஏ முதல் இசட் வரை என்று எழுதும் பழக்கம் இங்கே உதவாது, இடைவெளியும் அடைப்புக்குறியும் அல்லாத எல்லாம் என்று எழுதவேண்டும். உருவாகும் பெயரடைவில் ன-வுக்குப் பின் ப வரும், ல-வுக்குப் பின் ள, ழ என்று வந்து அதற்கப்புறம்தான் வ வரும். நம் அகரவரிசை அது அல்ல, யூனிகோடு எண் வரிசை. பார்க்க எரிச்சலாக இருக்கும், தேடலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடும் நிரலுக்கு வரிசை ஒன்றாக இருந்தால் போதும், தொல்காப்பியர் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதில்லை.

தீராமல் இருப்பது ஓரெழுத்துக் குறிக்கான பெயர். 'கைண்ட்' என்பதை 'வகை' என்றால் தரவு வகையோடு மோதுகிறது. 'இனம்' என்று போடலாமா? 'தரவினம்' என்று எழுதுகிறவர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை வரைவில் 'பெயரினம்' என்றே விட்டுவைக்கிறேன்.