டேஷ்போர்டில் ஒட்டிய ஹீட் மீட்டர் வெயிலில் பெயர்ந்து விழுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி, மன்னார்குடி:
எங்கள் பழைய டீசல் காரில் ஒருமுறை ரேடியேட்டர் வற்றி, இன்ஜின் சூடேறி, அதன் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அந்தப் பயத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் தனியாக வாங்கி, டபுள் சைடு டேப்பில் டேஷ்போர்டு மேல் ஒட்டினேன். காலையில் நிற்கிறது. மதியம் திருவாரூரில் வெயிலில் போட்டுவிட்டு வந்தால் இரண்டும் கவிழ்ந்து கிடக்கின்றன. மூன்று முறை டேப் மாற்றியாகிவிட்டது. நேற்று ஒன்று பிரேக் பெடல் பக்கம் உருண்டுவிட்டது. ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்க மனமில்லை.

பதில், கும்பகோணம்:
பெடல் பக்கம் உருண்டது என்றதும் பதறிவிட்டது சார். முதலில் இரண்டையும் கழற்றி வையுங்கள். விழுந்த மீட்டரைத் திருப்பிப் பாருங்கள். டேப் முழுசாக மீட்டரோடு வந்திருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா?

மன்னார்குடி:
முழுசாக வந்திருக்கிறது. டேஷ்போர்டைத் தொட்ட பக்கம் பளபளவென்று, விரலில் வழுக்குகிறது. மாதாமாதம் வாட்டர் சர்வீஸில் பாலிஷ் போடுவார்கள்.

கும்பகோணம்:
அதுதான் காரணம். அந்த பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அதன்மேல் எந்த டேப்பும் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு தடவையும் புதுத் துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

டேப்பும் மாற வேண்டும். மே மாத வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். சாதாரண ஃபோம் டேப்பின் பசை இளகிவிடும். அக்ரிலிக் ஃபோம் டேப் கேளுங்கள், த்ரீ எம் கம்பெனியின் வி.ஹெச்.பி. டேப் போல. சொரசொரப்பான டேஷ்போர்டுக்கு 1 மி.மீ.க்குக் குறையாத கனம் வேண்டும். மீட்டரின் அடி முழுக்க ஒட்டி, பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் பொறுமைதான் முக்கியம்: 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புதான் வரும், முழுசாகப் பிடிக்க 72 மணி நேரம். அதுவரை வண்டி நிழலில் நிற்கட்டும், வயரை மாட்ட வேண்டாம்.

பதில், நாகப்பட்டினம்:
தம்பி, வயரையும் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அது ஓயாமல் மீட்டரை இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தளர்வாக வளைத்துவிட்டு, பக்கத்திலேயே கிளிப்பில் பிடித்துவிடுங்கள். ஆயில் மீட்டருக்கு இன்ஜினிலிருந்து டியூப் வருகிறதென்றால் சென்சார் வகைக்கு மாற்றிவிடுங்கள். டியூப் கழன்றால் சூடான ஆயில் காருக்குள் பீய்ச்சும். ஏர்பேக் இருந்தால் அதன் மூடிமேல் எதையும் ஒட்டவே கூடாது.

மன்னார்குடி:
டியூப் இல்லை, சென்சார்தான். ஏர்பேக்கும் கிடையாது. மூன்றாவது துணியில்தான் கறுப்புப் பிசுக்கு வருவது நின்றது. வெள்ளி சாயங்காலம் ஒட்டி, திங்கள் இரவு வயர் மாட்டினேன். பத்து நாளாகிறது. நேற்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் உச்சிவெயிலில் அரை மணி நேரம் நின்றேன். ஹீட் மீட்டர் ஊசி 90 டிகிரியைத் தாண்டவில்லை, மீட்டரும் அசையவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.